மெசினுக்கு ஒரு நாள் ஓய்வு

படித்து முடித்து நான் சேர்ந்த முதல் வேலை, பஞ்சுக்குள் கிடக்கும் தலைமுடியைக் கண்டுபிடிக்க ஒரு மெசினுக்குக் கற்றுக்கொடுப்பது. சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் யாராவது "என்ன கண்ணு வேல?" என்று கேட்டால் "கம்ப்யூட்டருங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முடிக் கதையை எடுத்தால் பொழுது போய்விடும், கேட்டவருக்கும் நம்பிக்கை வராது.

ஆனால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. பஞ்சு மூட்டையில் ஒரு முடியோ, சாக்கு நூலோ, பாலிதீன் கிழிசலோ கலந்துவிட்டால் அது நூலுக்குள் போய், துணிக்குள் போய், சாயம் ஏற்றிய பிறகுதான் கோடாகத் தெரியும். வெளிநாட்டுக்காரன் மொத்தத் துணியையும் திருப்பி அனுப்பிவிடுவான். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் மில்காரர்கள் எல்லோருக்கும் இதே தலைவலி. எங்கள் கம்பெனி மில்களுக்கு மெசின் செய்து தரும் கம்பெனி. துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஃபவுண்டரியும் லேத் கூடமும் இருந்தன. ஸ்டோர் ரூமுக்கு மேலே ஒரு அறையைக் கட்டி, 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தார் முதலாளி. அவர் லேத் ஓட்டித் தொடங்கி மேலே வந்த மனிதர். ஜெர்மனிக்குப் போய் ஏதோ கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, மெசினுக்குக் கண் வைக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

நான் சேர்ந்தபோது அந்த அறையில் நாலு பேர். இரண்டு பேர் அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது எங்கள் துறைத் தலைவரும் நானும். அவர் சென்னைக்காரர், மெல்லப் பேசுவார், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர். அவருக்கு நியூரல் நெட்வொர்க் என்றால் உயிர். அப்போது அந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. நரம்பு வலை என்று தமிழில் சொல்லிப் பார்ப்பேன், ஏதோ வைத்தியசாலைச் சமாச்சாரம் போல ஒலிக்கும். விஷயம் இதுதான். இது முடி, இது பஞ்சு என்று விதி எழுதித் தரமாட்டோம். படத்தைக் காட்டிக் காட்டி, இது முடி, இது முடி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அது தனக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எண்களைத் தானே கூட்டிக் குறைத்து, ஒரு நாள் கற்றுக்கொண்டுவிடும்.

அன்றைய கணினியில் அதைக் கற்க வைத்தால் மாதக்கணக்காகும். அதனால் தலைவர் தனியாக ஒரு சர்க்யூட் பலகையை வடிவமைத்தார். கணக்கை மட்டுமே வேகமாகப் போடும் சில சில்லுகள், எண்களை வைத்துக்கொள்ள நினைவுச் சில்லுகள், அவற்றுக்கு இடையே நூற்றுக்கணக்கான மெல்லிய வயர்கள். அவ்வளவு வயரையும் சில்லுகளின் ஊசிக் கால்களில் சுற்றியவன் நான். கழுத்து வலிக்கச் சுற்றினேன். அதில் ஒரே ஒரு குறை இருந்தது. பலகைக்குள் எண்களை அனுப்ப முடிந்தது, வெளியே எடுத்து டிஸ்கில் சேமிக்க முடியவில்லை. எங்கோ ஒரு வயர் தப்பு. அதைத் தேடுவதென்றால் பாதி வயரைப் பிரிக்க வேண்டும்.

"முதல்ல அது கத்துக்கட்டும். இறக்கி வைக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் தலைவர்.

வேறு வழியும் இல்லை, நாள் நெருங்கிவிட்டது. ஆயுத பூசை முடிந்த வாரத்தில் ஒரு பெரிய மில் நிறுவனத்தார் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பலகையை ஓடவிட்ட நிலையிலேயே கேமராவின் கீழ் பஞ்சைப் போட்டுக் காட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம். கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் அது கற்றது நிற்கும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதற்காக பேட்டரி வைத்தோம், ஜெனரேட்டர் லைன் இழுத்தோம்.

மில்காரர்களுக்குப் பிடித்தால் பிரிவு நிற்கும், என்னை நிரந்தரமாக்குவார்கள். பிடிக்காவிட்டால் பொங்கலோடு மூடிவிடுவதாக முதலாளி வீட்டு ஆட்கள் பேசிக்கொள்வது எங்கள் காதுக்கும் வந்தது. எனக்கு ஆராய்ச்சி மேல் ஆசை இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய ஆசை, அப்பாவைத் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்பது.

அப்பா தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலையாள். அவருடைய அப்பாவுக்கும் அதுதான் வேலை. தண்ணி கட்டுவது, மட்டை பொறுக்குவது, யானை இறங்கினால் தகரம் தட்டுவது. முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழ ஒரு மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கும் சாளை வீட்டில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியே கவிழ்ந்திருக்கும். கூலியோ, பழைய வேட்டியோ, தீபாவளிப் பலகாரமோ, எதையும் அவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. கீழே வைப்பார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு அவர் குனிந்து எடுத்துக்கொள்வார். எங்கள் ஜில்லாவில் மரியாதைக்குக் குறைவே கிடையாது, நாய்க்குக் கூட 'போங்க' சொல்லுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அந்த 'ங்க' எல்லோருக்கும் போய், அப்பாவுக்கு வரும்போது மட்டும் தீர்ந்துபோகும்.

நான் நிரந்தரமானால் மறுநாளே அவரை நிறுத்திவிடுவதாக இருந்தேன். அவரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். "பாக்கலாஞ் சாமி," என்று என்னிடமே சொன்னார். தோட்டத்துக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

புரட்டாசி பிறந்ததும் பலகையை ஓடவிட்டோம். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி, கேமராவுக்கு வெளிச்சம் மாறக் கூடாது என்று. வெளியே மழை மூட்டம், உள்ளே பகலிலும் இருட்டு. திரையில் ஒரே ஒரு எண். அது எவ்வளவு தப்புச் செய்கிறது என்று காட்டும் எண். முதலில் மளமளவென்று இறங்கியது, பிறகு நகரவே இல்லை. நானும் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தோம். பூசைக்கு முந்தைய வாரம், ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குப் பஞ்சை வைத்துச் சோதித்தபோது பாதிக்கு மேல் முடியைச் சரியாகக் காட்டியது. தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் என்றால் அந்த ஒரு காலைதான்.

கோயமுத்தூரில் ஆயுத பூசை என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குப் புரிய வைப்பது கஷ்டம். இங்கே லேத் இல்லாத சந்து கிடையாது, பூசை போடாத லேத்தும் கிடையாது. மண்ணெண்ணெயும் கழிவுப் பஞ்சும் போட்டு மெசினைத் துடைத்து, சந்தனம் வைத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் மறுநாள் காலை நல்ல நேரத்தில்தான் ஏற்றுவார்கள். நடுவில் ஒரு ஸ்பானரைக் கூடத் தொடமாட்டார்கள். வருசம் பூராவும் உழைத்த இரும்புக்கு அன்றைக்கு ஓய்வு.

தலைவர் மேனேஜரிடம் போய், மேல் அறையின் லைனை மட்டும் நிறுத்தக் கூடாது என்று விளக்கமாகச் சொன்னார். மேனேஜர் "செரிங்க, செரிங்க" என்றார். தலைவர் நிம்மதியாகச் சென்னை ரயிலேறிவிட்டார். நான் இந்த ஊர்க்காரன். 'செரிங்க' என்றால் 'நீங்கள் பேசியது காதில் விழுந்தது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் எலக்ட்ரீசியனைத் தனியே பிடித்து, எங்கள் லைனைப் பிரித்துப் போட வைத்தேன். மெயினை இறக்கியும் பலகை ஓடியது. நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இதற்கு முந்தின வருசங்களில் பூசை லேத் கூடத்தோடு முடிந்துவிடும். மாடிப்படி ஏறி யாரும் வந்ததில்லை.

பூசைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா மட்டும், என் பட்டமளிப்புக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். எல்லோரும் செருப்போடுதான் போகிறார்கள் என்று சொன்னேன். "இருக்கட்டும்," என்றார். அவருக்கு வேறு ஒரு சங்கடமும் இருந்தது. அவர் வேலை செய்யும் தோப்பு எங்கள் முதலாளியின் மச்சானுடையது. முதலாளி வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத் தேங்காய் கொண்டுபோய்ப் போட்டவர் அவர். லேத் கூடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலாளி பட்டு வேட்டியில் ஒவ்வொரு மெசினாகப் போய்க் கற்பூரம் காட்டினார். பெரிய மெசின்களுக்கு மட்டும் தட்டை அந்தந்த மேஸ்திரியிடம் கொடுத்துக் காட்டச் சொன்னார். அந்தத் தட்டு யார் கைக்குப் போகிறது என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். மேஸ்திரிகள் அத்தனை பேரும் அவருடைய உறவுக்காரர்கள் அல்லது ஊர்க்காரர்கள். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, மேல நம்ம கம்ப்யூட்டர் மெசினுக்குப் பூச போட்டாச்சா?"

"இல்லீங்க."

"அட, அதுந்தான் மெசினு. அதுக்குப் போடாம உட்டா எப்படி. வா போலாம்."

நடந்தவர், தூணுக்குப் பின்னால் நின்றவரைக் கண்டு நின்றார். "இது ஆரு?"

"எங்கப்பாங்க."

அவர் உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "மச்சான் தோட்டத்துல இருக்கறவரு தானுங்களே. மேல வாங்க. பையன் செஞ்ச மெசினப் பாருங்க," என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அவரைத்தான் சொல்கிறாரா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அறைக்குள் முதலாளி, மேனேஜர், மேஸ்திரிகள் என்று ஒரு கூட்டமே நின்றது. அப்பா வாசல்நிலைக்கு வெளியே. பலகையில் சின்ன விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. விசிறி ஓடும் சத்தம்.

"இது ஓடீட்டிருக்குதே கண்ணு?"

"அது படிச்சிட்டிருக்குதுங்க," என்றேன்.

அவர் மனம்விட்டுச் சிரித்தார். "படிக்கற புள்ள கூட இன்னைக்குப் பொஸ்தகத்தத் தொடாது. சரஸ்வதி பூச ஆச்சே. அதுக்கும் ஒரு நாள் லீவு உடு." மேஸ்திரிகளும் சிரித்தார்கள். அவர் தட்டில் புதிதாகக் கற்பூரம் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டை என் பக்கம் நீட்டினார். "நிறுத்திப்போட்டு, உன்ற மெசினுக்கு நீயே காட்டு."

"ஏனுங்க, இது நின்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அய்யா கையால தட்டு குடுக்கறாங்க, வாங்குங்க," என்றார் மேனேஜர், சிரித்த முகம் மாறாமல்.

இத்தனை வருசத்தில் இதைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மனுசன் புரிந்துகொண்டிருப்பாரே என்று. புரிந்துகொண்டிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. 'அப்படியா கண்ணு, ஓடட்டும்' என்று தட்டோடு கீழே இறங்கிப் போயிருப்பார். அந்த யோசனை எனக்கு அப்போதே வந்தது. சொல்லிவிடத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தபோது அப்பா கண்ணில் பட்டார்.

அவர் மெசினைப் பார்க்கவில்லை. முதலாளியின் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் கையிலிருந்து என் கைக்கு நீண்டிருந்த தட்டை. இரண்டு கைக்கும் நடுவில் தரை இல்லை. என் வாழ்நாளில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்தது கிடையாது.

நான் திரும்பி, பேட்டரியின் சுவிட்சைத் தட்டினேன். பிறகு லைனின் சுவிட்ச். விசிறி சத்தம் குறைந்து நின்றது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினேன், மூன்று சுற்றுச் சுற்றினேன். பலகையின் சட்டத்திலும் கேமரா மூடியிலும் முதலாளி சந்தனம் வைத்தார். தட்டை எல்லோரிடமும் காட்டிவிட்டுக் கடைசியில் வாசலுக்குக் கொண்டுபோனேன். அப்பா இரண்டு கையாலும் தீபத்தை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். முதலாளி பொரிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். கையில்தான். அப்பா அதைப் பிரிக்கவே இல்லை. பஸ்ஸில் காந்திபுரம் வரைக்கும், அங்கிருந்து ஊர் வரைக்கும் மடியில் வைத்து, அம்மாவிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் வழி நெடுக, மில்காரர்கள் வர இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் நல்ல நேரத்தில் மெயினை ஏற்றினார்கள். மேலே போய்ப் பலகையைப் போட்டேன். திரையில் அந்த எண், புரட்டாசியில் முதன்முதலாக ஓடவிட்ட அன்றைக்கு எங்கே இருந்ததோ அங்கே நின்றது. பஞ்சையும் முடியையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

தலைவர் ஊரிலிருந்து வந்ததும் சொன்னேன். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் நின்றார். "மேனேஜர்கிட்ட சொன்னேனே. சரின்னாரே," என்றார். யார் அணைத்தது என்று அவர் கேட்கவில்லை. நான்தான் அணைத்தேன் என்று நானே சொன்னேன், எதற்காக என்றும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்க அப்பா சந்தோஷப்பட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி," என்றார். சென்னைக்காரரின் அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உடனே மறுபடி கற்க வைத்தோம். நாள் போதவில்லை. மில்காரர்கள் வந்தபோது கேமராவின் கீழ் ஒரு கைப்பிடிப் பஞ்சைப் போட்டோம். அது பஞ்சை முடி என்றது, முடியை விட்டுவிட்டது, சாக்கு நூலுக்குப் பேசாமல் இருந்தது. வந்தவர்களில் பெரியவர் இளநீரைக் குடித்து முடித்து, "நெம்ப நல்லாப் பண்ணியிருக்கறீங்க. பாக்கலாங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் தலைவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு முன்பே மூடிவிட்டார்கள். தலைவர் பெங்களூருக்குப் போனார். பலகையைக் கீழே ஸ்டோரில், பழைய மோட்டார்களோடு போட்டார்கள். கடைசியாக அதைப் பார்த்தபோது சட்டத்தில் சந்தனம் காய்ந்து உதிராமல் இருந்தது. எனக்கு ரொம்ப நாள் வேலை கிடைக்கவில்லை. பிறகு காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங்கும் மற்றதும் சொல்லிக்கொடுத்தேன். ஆராய்ச்சி அத்தோடு போயிற்று. அப்பா தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், முட்டி அடியோடு மடங்காமல் போகிற வரைக்கும். காலையில் அவர் சுவரைப் பிடித்து எழுந்து கிளம்பும் சத்தம் கேட்கும்போது நான் விழித்துக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அழுதும் இருக்கிறேன்.

மச்சான் தோட்டத்தில் அவருடைய டம்ளர் அப்புறமும் தனியாகத்தான் கவிழ்ந்திருந்தது. ஆனால் அப்பா அந்த ஆயுத பூசையை விடவில்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கூடச் சொல்லுவார். "என்ற பையங்கிட்டத் தட்டக் குடுத்தாங்க, அத்தன பேரு முன்னால. என்னய வாங்கன்னாங்க." சொல்லும்போது வலது கையை நீட்டிக் காட்டுவார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு சாயங்காலம், அரிசிக் கஞ்சியைப் புகட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து, தெளிவாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணு, அந்த மெசினு இப்ப ஓடுதா?"

"ஓடுதுங்கப்பா," என்றேன்.

"ஓடாம எங்க போகுது. உன்ற கையால கற்பூரம் காட்டுனதாச்சே."

கரண்டியில் கஞ்சி ஆறிப்போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, சூடாக வேறு எடுத்துவர உள்ளே போனேன்.